கேட்டு அனுப்பு! – கணிப்பொறிச் சரக்குகள் இடம் பார்த்து இறங்கிய வரலாறு



பரிசளிப்பு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை என்றால் சோழர் கடல் கடந்த கதையையோ, நம் பாட்டன்மார் கப்பலேறி வந்த கதையையோ எழுதுவதுதான் வழக்கம். அவை எழுதப்பட வேண்டியவையே. ஆனால் இந்த முறை உங்கள் சட்டைப் பையில் கிடக்கும் கைப்பேசிக்குள் நடந்துகொண்டிருக்கும் ஒரு வரலாற்றைச் சொல்லப் போகிறேன். "பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழோடு வந்த தோட்டப் பள்ளி வாத்தியாருக்கு இதெல்லாம் எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், பரிசளிப்பு விழா நற்சான்றிதழ்களை நானே என் வீட்டுக் கணிப்பொறியில் தட்டச்சு செய்தேன். இரவு பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து, ஒவ்வொரு பெயரையும் இரண்டு முறை சரிபார்த்தேன். மறுநாள் ஓர் அச்சகத்தில் கொடுத்தேன். விழாவுக்கு முந்திய நாள் மாலை கட்டு வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்தால், பாதிப் பெயர்களில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்! கால் வர வேண்டிய இடத்தில் வெறும் கட்டம். நான் தட்டச்சு செய்ததும் சரி. அச்சகத்து இயந்திரத்திலும் பழுதில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

முடிந்தவரை கையாலேயே திருத்தினோம். ஒன்று மட்டும் தப்பிவிட்டது. விழா முடிந்து கலையும்போது ஒரு மாணவியின் பாட்டி என்னிடம் வந்தார். பால்மரம் வெட்டிக் காய்த்துப்போன விரலால் அந்தப் பெயரைத் தடவிக் காட்டி, "வாத்தியாரய்யா, இது எங்க புள்ள பேரு மாதிரி இல்லீங்களே" என்றார். பாட்டிக்கு எழுத்து கொஞ்சம்தான் தெரியும். இருந்தும் பேத்தியின் பெயர் எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தது. எனக்கு நா எழவில்லை.

அன்று தொடங்கிய தேடல்தான் இந்தக் கட்டுரை. ஒரு கணிப்பொறியில் செய்த பொருள் இன்னொரு கணிப்பொறியில் ஏன் வேலை செய்யாமல் போகிறது? எந்த இயந்திரத்துக்கு எதை அனுப்புவது என்று யார் பார்க்கிறார்கள்? மனிதன் பார்க்க முடியாத அளவுக்கு இயந்திரங்கள் பெருகியபோது அந்த வேலை யார் கைக்குப் போனது? வாருங்கள், பார்ப்போம்.

பால்மரம் சொன்ன பாடம்

இந்தப் பாடம் தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. 1925-ல் தொடங்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சுங்கை பூலோவில் அதற்குப் பெரிய சோதனைத் தோட்டம் இருந்தது. அங்கு உருவான ஒட்டுக் கன்றுகளுக்குத்தான் 'ஆர்.ஆர்.ஐ.எம். 501', 'ஆர்.ஆர்.ஐ.எம். 600' என்று எண் போட்டுப் பெயர் வைத்தார்கள்.

நிறையப் பால் தரும் கன்று என்றால் எல்லா இடத்திலும் அதையே நட்டுவிடலாமே! அப்படி நட்டுப் பார்த்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். 501 நன்றாகப் பால் தரும். ஆனால் பலத்த காற்று வீசும் இடத்தில் மளமளவென்று முறிந்து விழும். மரம் நல்ல மரம்தான். இடம்தான் அதற்கு ஏற்றதன்று. ஆகவே 1970களில் அந்தக் கழகம் தன் பரிந்துரை முறையையே மாற்றியது. "எது சிறந்த கன்று?" என்று கேட்பதை விட்டு, "உங்கள் இடத்தில் காற்று எப்படி, நோய் எப்படி? அதற்கு ஏற்ற கன்று எது?" என்று கேட்கத் தொடங்கியது.

கணிப்பொறி உலகம் அறுபது ஆண்டுகளாகப் படித்துவரும் பாடமும் இதுவே.

ஒரே நிலையம், இரண்டு தண்டவாளம்

கோலாலம்பூர் போகிறவர்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் இன்னோர் உதாரணத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். பழைய ரயில்வே நிலத்தில் எழுந்து 2001-ல் திறக்கப்பட்ட கே.எல். சென்ட்ரல் நிலையத்துக்குப் போங்கள். கிள்ளானுக்குப் போகும் கே.டி.எம். ரயிலின் தண்டவாளம் ஒரு மீட்டர் அகலம். நம்மவர் வியர்வையும் கலந்து போட்ட பழைய பாதைகளின் அளவு அது. விமான நிலையத்துக்குப் போகும் விரைவு ரயிலின் தண்டவாளமோ 1,435 மில்லிமீட்டர். இரண்டும் ஒரே நிலையத்துக்கு வருகின்றன. ஆனால் இந்தப் பெட்டியை அந்தத் தண்டவாளத்தில் ஏற்ற முடியுமா? ஓர் அடிகூட உருளாது. பெட்டியைக் குறை சொல்லி என்ன பயன்? ஏற்றுமுன் அகலம் என்ன என்று கேட்டிருக்க வேண்டும்.

கணிப்பொறி வந்த புதிதில்

நம் நாட்டின் முதல் கணிப்பொறி என்று குறிப்பிடப்படுவது, 1966-ல் தேசிய மின்சார வாரியத்தில் நிறுவப்பட்ட ஐ.பி.எம். 1401 என்னும் இயந்திரம். அந்தக் காலத்தில் ஒவ்வொரு வகை இயந்திரத்துக்கும் தனித் தனியாக நிரல் எழுத வேண்டும். நிரல் என்றால் இயந்திரத்துக்குச் சொல்லும் கட்டளைகளின் வரிசை. பழைய இயந்திரத்தை மாற்றி வேறு வகை வாங்கினால், எழுதி வைத்த நிரல்களையெல்லாம் மறுபடியும் எழுத வேண்டும். செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டிய கதைதான்!

1964 ஏப்ரலில் அதே ஐ.பி.எம். நிறுவனம் '360' என்னும் வரிசையை அறிவித்தது. சிறியது, நடுத்தரம், பெரியது என்று பல இயந்திரங்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே கட்டளை மொழி. சிறியதற்கு எழுதிய நிரல் பெரியதிலும் ஓடும். அதுமட்டுமா? சில இயந்திரங்கள் பழைய 1401 போலவே நடித்து, பழைய நிரல்களையும் ஓட்டிக் காட்டின. "வாடிக்கையாளரிடம் ஏற்கனவே என்ன இருக்கிறது?" என்ற கேள்வி அப்போதே விற்பனைக்கு முக்கியமாகிவிட்டது.

தமிழ் பட்ட பாடு

இனி நம் கதைக்கு வருவோம். 1980களில் மேசைக் கணிப்பொறி வந்தது. அதில் எழுத்துகளுக்கு மொத்தம் 256 இருக்கைகள்தாம். முதல் 128 இருக்கைகளில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் குறிகளும் உட்கார்ந்துகொண்டன. மீதம் 128. நம் எழுத்துகளோ 247! என்ன செய்வது? கொம்பு, கால், சுழி என்று எழுத்துகளைத் துண்டாக்கி, அந்தக் குறைந்த இடத்தில் நெருக்கி உட்கார வைத்தார்கள்.

அந்த வேலையை முன்னின்று செய்தவர்களில் ஒருவர் நம் மலேசியர். தமிழாசிரியரும் கவிஞருமான முரசு நெடுமாறன் அவர்களின் மகன் முத்து நெடுமாறன் 1980களின் நடுவிலேயே 'முரசு' மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். பின்னாளில் அது 'முரசு அஞ்சல்' ஆயிற்று. தமிழகத்திலும் சிங்கப்பூரிலும் மற்ற நாடுகளிலும் இருந்த அன்பர்களும் தத்தம் முயற்சியில் எழுத்துருக்களைச் செய்தார்கள்.

இங்கேதான் சிக்கல் முளைத்தது. ஒருவர் 'க' எழுத்தை உட்கார வைத்த இருக்கையில் இன்னொருவர் 'ம' எழுத்தை வைத்தார். ஒருவர் எழுதிய கடிதத்தை மற்றவர் கணிப்பொறியில் திறந்தால் எழுத்துகள் தாறுமாறாகக் கிடக்கும். ஆகவே கடிதத்தோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்ப வேண்டியிருந்தது. 1990களின் பிற்பகுதியில் சில தமிழ் இணைய இதழ்கள் ஒரு தந்திரம் செய்தன. அப்போது இணையம் பார்க்க நெட்ஸ்கேப், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் என்று இரண்டு உலாவிகள் புழங்கின. ஒன்றுக்குச் செய்த எழுத்துருப் பொட்டலம் மற்றதற்கு ஆகாது. எனவே இரண்டையும் செய்து வைத்தார்கள். எந்த உலாவிக்கு எது ஒத்து வருமோ அது தானாக இறங்கிக்கொள்ளும். பாருங்கள், யாரும் கைவைக்காமல் இடத்துக்கு ஏற்ற பொட்டலம் போய்ச் சேரும் முறையைத் தமிழர்கள் அன்றே புழக்கத்தில் வைத்திருந்தார்கள்!

ஆனாலும் ஆளுக்கொரு வழி என்றால் எத்தனை நாளைக்கு? 1997-ல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் தமிழ் இணைய மாநாடு கூடியது. உலகெங்கும் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து 'திஸ்கி' என்னும் பொது முறையை வகுத்தார்கள். 1999-ல் சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு 'டாம்', 'டாப்' என்னும் முறைகளையும் ஒரு பொது விசைப்பலகையையும் ஏற்றது. 2000-ல் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது. 2001 ஆகஸ்டில் அந்த மாநாடு நம் கோலாலம்பூரிலேயே நடந்தது.

இதற்கிடையில் உலகமே சேர்ந்து ஒரு பெரிய வீடு கட்டிக்கொண்டிருந்தது. அதன் பெயர் யூனிகோடு, தமிழில் ஒருங்குறி. அதில் 256 இருக்கைகள் என்ற பஞ்சமே இல்லை. உலக மொழிகளுக்கெல்லாம் தனித் தனி அறை. 1991-ல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கும் இடம் கிடைத்தது. இடம் கிடைத்தால் போதுமா? இயந்திரத்துக்கு அதைப் படிக்கத் தெரிய வேண்டுமே! விண்டோஸ் 2000 'லதா' என்ற எழுத்துருவோடு வந்தது, தமிழைக் காட்டியது. அதற்கு முந்திய விண்டோஸ் 98-ல் அதே கடிதத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். 2005-ல் ஆப்பிள் கணிப்பொறிகளுக்குள்ளேயே முத்து நெடுமாறனின் 'இணைமதி' எழுத்துரு குடியேறியது. அதன்பின் அந்த இயந்திரத்தை வாங்கியவர் தமிழைத் தனியாக நிறுவ வேண்டிய தேவை குறைந்தது.

அதே 2005 பொங்கல் சமயத்தில் அவருடைய 'செல்லினம்' கைப்பேசிக்கு வந்தது. அன்றைய கைப்பேசிகள் எப்படி? ஒவ்வொரு மாதிரிக்கும் திரை ஓர் அளவு, நினைவகம் ஓர் அளவு, விசைகள் ஒரு விதம். ஒரு மாதிரியில் ஓடுவது இன்னொன்றில் முரண்டு பிடிக்கும். கைப்பேசியில் ஒரு வரி தமிழ் எழுதுவதற்குப் பின்னால் இத்தனை பொருத்தம் பார்க்க வேண்டியிருந்தது.

என் நற்சான்றிதழ் ஏன் கெட்டது என்பது இப்போது விளங்குகிறதல்லவா? நான் ஒருங்குறியில் தட்டச்சு செய்தேன். அச்சகத்துப் பழைய மென்பொருளுக்கோ பழைய எழுத்துருக்கள்தாம் பழக்கம். நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

கிள்ளான் துறைமுகத்து இரும்புப் பெட்டி

இனி கிள்ளானுக்குப் போவோம். முன்பு போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர்; 1972-ல் போர்ட் கிளாங் ஆயிற்று. அந்தக் காலத்தில் மூட்டை, பீப்பாய், பெட்டி என்று ஒவ்வொன்றையும் தோளில் சுமந்து இறக்கினார்கள். 1956 ஏப்ரல் 26-ல் அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்பவர் 58 பெட்டிகளை ஒரே கப்பலில் ஏற்றி நியூயார்க் பக்கமிருந்து ஹியூஸ்டனுக்கு அனுப்பினார். பிற்பாடு பெட்டிகளுக்கு 20 அடி, 40 அடி என்று உலக அளவு வகுத்தார்கள். மூலைகளில் பளுதூக்கி பிடிக்கும் துளைகளுக்கும் ஒரே அளவு. 1973-ல் நம் துறைமுகத்திலும் கொள்கலன் முனையம் இயங்கத் தொடங்கியது. உள்ளே ரப்பரா, செம்பனை எண்ணெயா, பிளாஸ்டிக் பொம்மையா என்று பளுதூக்கி கேட்பதில்லை. வெளி அளவு பொருந்தினால் போதும்.

மென்பொருள் செய்பவர்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். 1993-ல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் என்னும் லினக்ஸ் திட்டத்தில் ஒவ்வொரு மென்பொருள் பொட்டலத்தின் மேலும் ஒரு சீட்டு ஒட்டப்பட்டது. "நான் இன்ன வகை இயந்திரத்துக்கு உரியவன், என்னோடு இன்ன இன்ன பொட்டலங்களும் இருந்தால்தான் வேலை செய்வேன்" என்று அந்தச் சீட்டு சொல்லும். நிறுவும் நிரல் அதைப் படித்து, துணைப் பொட்டலங்களையும் தானே வரவழைக்கும். கறிக்குழம்புக்குக் கறி மட்டும் வாங்கி வந்தால் போதாது, மிளகாய்த் தூளும் வெங்காயமும் வேண்டும் என்று அம்மாவுக்குத் தெரியும். அந்த அறிவை இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

2013-ல் 'டாக்கர்' வந்தது. துறைமுகத் தொழிலாளியைக் குறிக்கும் சொல் அது! மென்பொருளையும் அதற்கு வேண்டிய துணைப் பொருள்களையும் ஒரே பெட்டியில் அடைத்துப் பூட்டி அனுப்பும் முறை. இருந்தாலும் ஒரு பொருத்தம் பார்த்தே ஆக வேண்டும். மேசைக் கணிப்பொறிகளின் சில்லு பெரும்பாலும் ஒரு வகை. கைப்பேசிச் சில்லு வேறு வகை. இரண்டுக்கும் கட்டளை மொழி வேறு. ஆகவே ஒரே பெயருக்குக் கீழே பல வகைப் பெட்டிகளை வைத்து, முன்னால் ஒரு பட்டியலைத் தொங்கவிட்டார்கள். கப்பல் சரக்குப் பட்டியலுக்கு உள்ள 'மேனிபெஸ்ட்' என்ற பெயரையே அதற்கும் வைத்தார்கள். வந்து கேட்கும் இயந்திரம் பட்டியலைப் பார்த்து, தனக்குரிய பெட்டியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே!

ஆயிரக்கணக்கான இயந்திரங்களுக்கு ஆயிரக்கணக்கான பெட்டிகளை யார் பிரித்துக் கொடுப்பது? 2014-ல் கூகுள் 'குபர்நெட்டிஸ்' என்ற மென்பொருளை வெளியிட்டது. கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். ஆனால் அதன் வேலையைப் பார்த்தால் எனக்கு நம் தோட்டத்துப் பெரட்டுதான் நினைவுக்கு வருகிறது. விடியற்காலையில் மண்டோர் என்ன செய்வார்? யாருக்குப் பால் வெட்டத் தெரியும், யாரால் செம்பனைக் குலை அறுக்க முடியும், யார் நேற்றுக் காய்ச்சலில் கிடந்தார் என்று பார்த்து, "நீ அந்த நிரை, நீ இந்த நிரை" என்று பிரித்து விடுவார். குபர்நெட்டிஸும் அப்படியே. ஒவ்வோர் இயந்திரத்தின் கழுத்திலும் ஒரு சீட்டு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தேவை. இரண்டும் பொருந்தும் இடத்தில்தான் வேலை இறங்கும். பொருந்தும் இயந்திரம் இல்லையென்றால் வேலை காத்திருக்கும். கண்ட இடத்தில் இறங்காது.

பொருத்தம் பாராததால் வந்த வினை

இத்தனை ஏற்பாடு இருந்தும் தவறு நேருமா? நேர்ந்தது. 2024 ஜூலை 19-ஆம் நாள், கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் உலகெங்கும் உள்ள விண்டோஸ் இயந்திரங்களுக்கு ஒரு சிறு கோப்பைத் தானியங்கி முறையில் அனுப்பியது. அந்தக் கோப்பு 21 விவரங்களை எதிர்பார்த்தது. இயந்திரங்களில் இருந்த மென்பொருள் தந்ததோ 20 விவரங்கள்தாம். இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடப் போய் இயந்திரங்கள் சுருண்டு விழுந்தன. ஒன்றிரண்டல்ல, ஏறத்தாழ 85 லட்சம்! விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் வேலை நின்றது. நம் நாட்டில் ஏர் ஆசியா பயணிகளும் வரிசையில் காத்து நின்றார்கள். நிறுவனம் அந்தக் கோப்பை 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றது. ஆனால் விழுந்தவற்றைத் தூக்கி நிறுத்தப் பல நாள் பிடித்தது.

ஒரே ஓர் எண்ணிக்கை பொருந்தாததன் விலை அது. முதலில் சில இயந்திரங்களுக்கு மட்டும் அனுப்பிப் பார்த்து, பிறகு மற்றவற்றுக்கு அனுப்பியிருந்தால் சேதம் குறைந்திருக்கும். அந்த நிறுவனமும் பின்னர் அப்படிப் படிப்படியாக அனுப்பும் முறைக்கு வந்தது. புதிய கன்றை முதலில் சிறு பாத்தியில் நட்டுப் பார்த்த ரப்பர் ஆராய்ச்சியாளருக்கு இது தெரியாததா?

நம் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள்?

பெற்றோர்களே, கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும். கட்டுரையின் நோக்கமே அதுதான்.

2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பள்ளிகள் மூடின. பாடமெல்லாம் கைப்பேசிக்குப் போனது. என் வகுப்பில் ஒரு பையன். அவன் வீட்டில் இருந்தது தாத்தாவின் பழைய கைப்பேசி ஒன்றுதான். பாடத்துக்குரிய செயலியை இறக்கப் போனால், "உங்கள் கைப்பேசிக்கு இது பொருந்தாது" என்று ஒரு வரி வந்தது. அதற்குமேல் விளக்கம் இல்லை. அந்தப் பையன் என்னைக் கூப்பிட்டு, "சார், நான் ஏதும் தப்பா அமுக்கிட்டேனா?" என்று கேட்டான்.

இல்லையப்பா, நீ தப்பாக ஒன்றும் அமுக்கவில்லை. பொருத்தம் பார்க்கும் இயந்திரம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஓடாத பொருளை இறக்காமல் தடுத்தது. ஆனால் அதைச் செய்தவர்கள் தாத்தாவின் கைப்பேசியை நினைத்துப் பார்க்கவில்லை. பழைய கைப்பேசிக்கும் ஒரு பெட்டி செய்து பட்டியலில் வைத்திருந்தால், இயந்திரம் அதை எடுத்துக் கொடுத்திருக்கும். பட்டியலில் இல்லாததை இயந்திரம் எங்கிருந்து தரும்? பொருத்தம் பார்ப்பது இயந்திரத்தின் வேலை. யார் யாருக்குப் பொருத்தமாகச் செய்வது என்று முடிவெடுப்பது மனிதனின் வேலை.

அந்த ஆண்டு நான் பாடங்களை நகலெடுத்து மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். குரல் பதிவாகவும் அனுப்பினேன்; அது தாத்தாவின் கைப்பேசியிலும் கேட்டது. அந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டு அனுப்பியதால் போய்ச் சேர்ந்தது.

மாணவச் செல்வங்களே! தமிழுக்கு ஒரு காலத்தில் கணிப்பொறியில் இடமில்லை. தமிழன் ஒருவன் உள்ளே போய் உட்கார்ந்து செய்ததால்தான் இன்று உங்கள் பெயர் திரையில் கொம்பு மாறாமல் தெரிகிறது. நாளை பொட்டலம் கட்டுகிறவர்களாக நீங்கள் வளர வேண்டும். அப்போது பட்டியலின் கடைசியில் தோட்டத்துத் தாத்தாவின் பழைய கைப்பேசிக்கும் ஓர் இடம் போடுங்கள்.

இந்த ஆண்டு நற்சான்றிதழ்களை அச்சுக்குக் கொடுக்குமுன், "உங்கள் இயந்திரத்தில் என்ன எழுத்துரு?" என்று கேட்டேன். ஒன்றை மட்டும் முதலில் அடித்துத் தரச் சொல்லிப் பார்த்தேன். பிறகுதான் மற்றவை. இன்று மேடையேறும் பிள்ளைகளின் பெயரைப் பாட்டிமார் தடவிப் பார்க்கலாம். எல்லாம் சரியாக இருக்கும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!